செல்லாத ஓட்டும் ஒரு பிரெஞ்சு பாஸ்போர்ட்டும்

என் கணவர் பிரான்ஸ் நாட்டு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போட்டவர். ஒரு முறை அல்ல, பல முறை. காலையில் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறுவார், வரிசையில் நிற்பார், போட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவார். ஆனால் கிளியனூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், எங்கள் தெருவுக்கு யார் வார்டு உறுப்பினர் என்று முடிவு செய்யும் தேர்தலில் அவருக்கு ஓட்டு இல்லை. அந்தத் தேர்தலில் நின்றவள் நான். தோற்றவளும் நான்தான். ஒரே ஓட்டில்.

அவரை நேரில் பார்த்தால் பிரெஞ்சுக்காரர் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். நிறத்தில் என்னைவிட இரண்டு சுற்று கறுப்பு. மோட்டார் காயில் கட்டுவது தொழில். பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த காலத்திலேயே அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிய குடும்பம் அவருடையது. அது வழிவழியாக அவருக்கும் வந்துவிட்டது. அங்கே பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ள மாப்பிள்ளை என்றால் பெண் வீட்டார் போட்டி போடுவார்கள், பெண் பாரிஸுக்குப் போய்விடும் என்று. என் விஷயத்தில் எல்லாம் தலைகீழ். எங்கள் கிணற்று மோட்டார் எரிந்துபோனபோது கழற்றிக்கொண்டு போக வந்தவர், மோட்டாரைத் திருப்பிக் கொடுத்த கையோடு என்னைக் கேட்டார். நான் பாரிஸ் போகவில்லை. அவர் கிளியனூர் பக்கம் வந்துவிட்டார்.

எனக்குத் திண்டிவனத்தில் ஒரு சின்னக் கடை. தாலுகா ஆபீஸுக்கு வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது, ஃபாரம் நிரப்புவது, ஜெராக்ஸ் எடுப்பது. கையில் எப்போதும் ஓர் ஊதாப் பேனா. கட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி வைத்தாலும் வருகிறவர்களை வறுத்தெடுத்துவிடுவேன். "படிச்சிருக்க இல்ல, கட்டம் கண்ணுக்குத் தெரியல?" என்று கேட்டு எத்தனை பேர் மனத்தை நோகடித்திருக்கிறேன் தெரியுமா? அப்படிப்பட்ட நான் செய்த காரியத்தைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

ஊராட்சித் தேர்தலில் இன்னும் மெஷின் வரவில்லை, சீட்டுதான். ஒவ்வொரு பதவிக்கும் ஒவ்வொரு நிறத்தில் ஒரு சீட்டு. எனக்குச் சீப்புச் சின்னம். காலையில் முதல் ஆளாகப் போய், பதிவேட்டில் என் பேனாவாலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, சீட்டுகளோடு மறைவுக்குள் போனேன். மேலே கிடந்த வார்டு சீட்டை விரித்து வைத்தேன். நல்ல காரியம், கையில் பேனா. சின்ன வயதிலிருந்து எந்தக் காகிதத்தை எடுத்தாலும் என் கை முதலில் என்ன செய்யுமோ அதையே செய்தது. சீட்டின் தலைப்பில் பிள்ளையார் சுழி போட்டேன். அழகாக ஓர் உ, அதன் கீழே இரண்டு கோடு, இருபுறமும் ஒரு புள்ளி. பிறகு பக்தியோடு சீப்பின் மேல் முத்திரையைக் குத்தி, மடித்து, பெட்டியில் போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

எண்ணும் இடத்தில்தான் விழித்துக்கொண்டேன். எண்ணிக்கை அதிகாரி ஒரு சீட்டைத் தூக்கிப் பிடித்தார். "முத்திரை சரியாத்தான் இருக்கு. ஆனா மேல பேனாவால எழுதியிருக்காங்க. இது செல்லாது." ஊதா மை. இரண்டு கோடு. இருபுறமும் புள்ளி. என் அப்பா எனக்குக் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்த சுழியை எனக்கே அடையாளம் தெரியாமல் போகுமா? வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் ஓட்டு போகும். ஓட்டுதான் போயிற்று. எதிர்வீட்டு அக்கா என்னைவிட ஒன்று கூடுதலாக வாங்கி ஜெயித்தார்.

வெளியே வந்ததும் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "எந்தக் கூறுகெட்ட ஜென்மம் ஓட்டுச்சீட்டுல சுழி போட்டுச்சோ, அதும் கையில கொள்ளி வைக்க!" என்று கத்தினேன். என் கைக்கு நானே கொள்ளி வைத்துக்கொண்டேன். ஊர் உடனே ஆராய்ச்சியில் இறங்கி, பிள்ளையார் கோயில் பூசாரிதான் போட்டிருப்பார் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பாவம், அந்த மனுஷன் என் வீட்டு வாசலில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்ய வந்தார். "நான் போடலம்மா, நம்பும்மா" என்றார். "நம்பறேன் சாமி" என்றேன். என்னைத் தவிர வேறு யாரால் அவரை அவ்வளவு உறுதியாக நம்ப முடியும்?

என் கணவருக்கு எண்ணும் இடத்துக்குள் வர அனுமதி இல்லை. வெளியே வண்டியோடு காத்திருந்தவர், விஷயம் கேட்டதும் வண்டியைக் கிளப்பினார். பாதி வழியில் நிறுத்தினார். "சுழி போட்டவனைத் திட்டி இன்னா ஆவப்போவுது? நான் இருக்கிற வீட்ல நிக்கறவளுக்கு நான் ஓட்டுப் போட முடியல. ஒரே ஒரு ஓட்டு. அது என்னுதுதான்" என்றார். கண் கலங்கியிருந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த திங்கட்கிழமை காலை என் கடையில் கூட்டம். நிமிர்ந்து பார்த்தால் வரிசையில் மூன்றாவது ஆளாக இவர். தம் முறை வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து, "குடியுரிமைக்கு ஃபாரம் போடணும்மா" என்றார்.

"யாருக்குங்க?"

"எனக்குத்தான். இந்தியக் குடியுரிமை. அடுத்த தேர்தலுக்குள்ள எனக்கு ஓட்டு வேணும்."

இந்தியக் குடிமக்களைக் கட்டிக்கொண்டவர்கள் விண்ணப்பிக்கலாம். இத்தனை வருஷம் இங்கேயே குடியிருந்திருக்க வேண்டும் என்பது விதி. அது எங்களுக்குத் தாராளமாகவே இருந்தது. ஆனால் இன்னொரு விதியும் இருந்தது. இரண்டு நாட்டுக் குடியுரிமையையும் வைத்துக்கொள்ள முடியாது. உறுதிமொழி எடுத்தால் அந்தப் பிரெஞ்சு பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதை நானே அவருக்குப் படித்துக் காட்டினேன். "குடுத்துட்டாப் போவுது" என்றார், மீதிச் சில்லறையைச் சொல்வது போல. ஃபாரத்தை எடுத்தேன். பேனா தன்னால் தாளின் தலைப்புக்குப் போயிற்று. பாதியில் இழுத்துப் பிடித்தேன்.

பாண்டிச்சேரியில் என் மாமியார் மூன்று நாள் சாப்பிடவில்லை. "ஊரே அந்தப் புஸ்தகத்துக்கு அலையுது. என் பிள்ளை தூக்கிப் போடறான். நீ இன்னா மருந்து வெச்சடி அவனுக்கு?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். பதிலுக்குப் பதில் கொடுக்கிறவள்தான் நான். அன்றைக்கு மட்டும் தலையைக் குனிந்துகொண்டு மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்தேன். மகன்தான் பதில் சொன்னார். "பிரெஞ்சுல எனக்கு ஒழுங்கா ஒருத்தனைத் திட்டக்கூடத் தெரியாதும்மா. அந்த புக்கை வெச்சிக்கினு நான் இன்னா பண்ணப்போறேன்?"

அதிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. என் ஒரு சுழிக்காக இந்த மனுஷன் ஒரு நாட்டையே விடப்போகிறார். சொல்லிவிடலாம் என்று பல முறை வாயெடுப்பேன். வார்த்தைக்குப் பதிலாகச் சாப்பாடுதான் வரும். மரக்காணத்திலிருந்து மீன்காரம்மா வஞ்சிரம் கொண்டுவந்தால் நடுத்துண்டு அவருக்கு. முட்டை வைத்தால் அவருக்கு இரண்டு. அவர் தொப்பை வளர்ந்ததே தவிர, விஷயம் வெளியே வரவில்லை.

விசாரணைக்குப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். அக்கம்பக்கத்தில் கேட்க வேண்டும் என்று நேராக எதிர்வீட்டுக்குப் போனார். யார் வீடு? என்னைத் தோற்கடித்த அக்கா வீடு. நான் ஜன்னலோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ஆள் எப்படிம்மா?"

"தங்கமான மனுஷன் சார். குடிக்க மாட்டாரு. எங்க மோட்டாரு எப்ப பேஜாரு பண்ணாலும் ஜல்தியா வந்து பாப்பாரு. யார்கிட்டயும் சண்டைக்குப் போவ மாட்டாரு. அதெல்லாம் அவரு சம்சாரம் பாத்துக்கும்."

போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே எழுதினார். அக்கா விடவில்லை. "இவருக்கு ஓட்டு வந்தா அடுத்த தபா எனக்குத்தான் சார் கஷ்டம். அதுக்காக நல்லவரைக் கெட்டவருன்னு சொல்ல முடியுமா?" என்றார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. எதிராளி உண்மையைச் சொல்கிறாள், பெண்டாட்டி மறைத்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு அக்காவுக்கு ஒரு கிண்ணம் மீன் குழம்பு கொடுத்தனுப்பினேன்.

நேர்காணலுக்கு விழுப்புரம் கலெக்டர் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. பத்து நாள் நான் அவருக்குப் பாடம் எடுத்தேன். இந்தியாவுக்கு எத்தனை மாநிலம், தேசியப் பறவை எது, தேசிய மரம் எது. ஏன் குடியுரிமை வேண்டும் என்று கேட்டால் சொல்ல ஒரு பக்கம் எழுதியே கொடுத்தேன்: இந்த மண்ணின் பண்பாடு, மக்களின் அன்பு, இத்யாதி. திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் அதை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பக்கத்து சீட்டுக்காரர் ஏதோ ஜபம் என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்தார்.

நேர்காணல் செய்தவர் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். ஃபைலைப் புரட்டிவிட்டு, முதல் கேள்வியாக, "எல்லாரும் அங்க போகணும்னு நிக்கிறாங்க. நீங்க ஏன் சார் அதை விட்டுட்டு வர்றீங்க?" என்று கேட்டார்.

என் ஒரு பக்கமும் காற்றில் போயிற்று. "ஓட்டுப் போடணும் மேடம்" என்றார் இவர்.

"யாருக்கு?"

"இவங்களுக்கு" என்று என்னைக் காட்டினார். "போன தபா ஒரே ஓட்டுல போயிடுச்சி. என் ஓட்டு இல்லாததாலதான்."

மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்குக் காது வரைக்கும் சுட்டது. "குடுத்துவைச்சவங்கம்மா நீங்க" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு ஓடிப்போய்விடலாம் போல இருந்தது.

"தேசிய கீதம் தெரியுமா?" என்று அடுத்துக் கேட்டார். தெரியும் என்று சொன்னால் போதும். ஆனால் இவர் மாதா கோயில் பாடகர் குழுவில் இருபது வருஷமாகப் பாடுகிறவர். எழுந்து, விறைத்து நின்று, தொண்டையைச் செருமி, ஆரம்பித்துவிட்டார். மைக்கே வேண்டாத குரல். மேடம் திடுக்கிட்டு எழுந்தார். கதவுக்கு வெளியே செக்ஷனில் நாற்காலிகள் கறகறவென்று பின்னால் போகும் சத்தம். எட்டிப் பார்த்தேன். அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். ஒருவர் கையில் டீ கிளாஸ். குடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல். டிபன் பாக்ஸைத் திறந்த ஒரு பெண் மூடியைப் பிடித்தபடி நின்றார். ஆபீஸ் முழுக்க அசையாமல் நிற்க, இவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரி விடாமல் பாடி முடித்தார். "வேற எதுவும் கேக்கல சார்" என்றார் மேடம், உட்கார்ந்தபடி.

பிறகு ஆரம்பித்தது காத்திருப்பு. ஃபைல் சென்னைக்குப் போயிற்று, அங்கிருந்து டெல்லிக்குப் போயிற்று என்று தெரிந்துகொண்டோம். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் போதும், மோட்டாரைக் கீழே போட்டுவிட்டு, எழுந்து நின்று "வணக்கம் மேடம்" என்பார். கடன் வேண்டுமா என்று கேட்ட எத்தனையோ பெண்கள் அந்த மரியாதையில் மயங்கிப் போயிருப்பார்கள். நானோ, போன் வராமல் இருந்தால் தேவலை என்று ஒரு பக்கம் நினைப்பேன். அவர் ஆசை நிறைவேறட்டும் என்று ஒரு பக்கம் பிள்ளையாரிடம் வேண்டிக்கொள்வேன். பூசாரி விபூதி கொடுக்கும்போது அவர் முகத்தை மட்டும் பார்க்க மாட்டேன்.

ஒருநாள் உண்மையான போன் வந்தேவிட்டது. உறுதிமொழிக்கு நாள் குறித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு எடுத்த சந்தன நிறச் சட்டையைத்தான் போடுவேன் என்று அடம்பிடித்தார். இத்தனை நாள் நான் போட்ட முட்டையும் வஞ்சிரமும் அந்தச் சட்டைக்குள் அடங்கவில்லை. பட்டன்கள் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றன. சட்டைப் பையில் அந்தப் பாஸ்போர்ட். கலெக்டர் ஆபீஸின் வெளி பெஞ்சில் உட்கார்ந்து உறுதிமொழி வாசகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். உள்ளே போனால் பத்து நிமிஷ வேலை. அதற்குப் பிறகு சொல்லி என்ன பிரயோஜனம்?

"என்னாங்க" என்றேன். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு வேணாம்னா நாம எழுந்து போயிடலாம்."

"இன்னா?"

"அந்தச் செல்லாத ஓட்டு என்னுது."

அவருக்குப் புரியவில்லை. "எது?"

"சுழி போட்டது. நான்தான். கை பழக்கத்துல போட்டுட்டேன்."

என்னையே பார்த்தார். "ஊதாக் கலரா?"

"ஆமாங்க."

"கீழ ரெண்டு கோடு?"

"ஆமா."

"அப்போ பூசாரி?"

"பாவம்" என்றேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "என் தப்புக்காக நீங்க அந்தப் பாஸ்போர்ட்டைக் குடுக்காதீங்க. உங்க ஓட்டு இல்லாததால நான் தோக்கல. என்னாலதான் தோத்தேன்."

வாசகத் தாளை மடித்துப் பையில் வைத்தார். எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். விரலை மடக்கி என்னவோ கணக்குப் போட ஆரம்பித்தார்.

"அக்கா உன்னைவிட ஒண்ணு கூட. சரியா?"

"சரி."

"உன் சீட்டு செல்லியிருந்தா?"

"சமம் ஆகியிருக்கும்."

"சமம்னா இன்னா பண்ணுவாங்க?"

"சீட்டுக் குலுக்கிப் போடுவாங்க."

"குலுக்கல்ல உனக்கு என்னைக்காவது விழுந்திருக்கா? திருவிழாவுல வருஷா வருஷம் குத்துவிளக்குக்குச் சீட்டு வாங்கறியே, ஒரு திரியாவது வந்திருக்கா?" கடைசி விரலை மடக்கினார். "நீ ஒழுங்காப் போட்டிருந்தாலும் நிச்சயமா ஜெயிக்க இன்னொரு ஓட்டு வேணும். அது யாருது?"

மூன்று வருஷமாக ராப்பகலாக மனத்துக்குள் இதையே உருட்டிக்கொண்டிருந்தேன். இந்தக் கணக்கு என் புத்திக்கு எட்டவே இல்லை.

"உன் ஓட்டும் வேணும், என் ஓட்டும் வேணும். ரெண்டும் இருந்தாத்தான் நாம" என்றார். பிறகு அவருக்கு ஏதோ தோன்றியது. "இதுக்குத்தான் இத்தனை நாளா எனக்கு ரெண்டு முட்டையா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அந்தப் பாடகர் குழுச் சிரிப்பு, செக்ஷனில் இருந்தவர்கள் மறுபடியும் பாடப்போகிறார் என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள். சட்டையின் ஒரு பட்டன் தெறித்து விழுந்தது. நான் அழுதுகொண்டே பெஞ்சுக்கு அடியில் தேடினேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். அதே கண்ணாடி மேடமும் உயர் அதிகாரியின் பக்கத்தில் நின்றிருந்தார். இவர் வயிற்றுப் பக்கத்தை ஒரு கையால் மறைத்துக்கொண்டு, தடுமாறாமல் வாசித்தார். அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்பேன், சட்டங்களை மதிப்பேன், குடிமகனின் கடமைகளைச் செய்வேன். நான் பிறந்ததிலிருந்து இந்தியக் குடிமகள்; யாரும் என்னிடம் இப்படி ஒன்று கேட்டதில்லை. அவரோடு சேர்ந்து நானும் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். கையெழுத்துப் போடும் நேரத்தில் பழக்கதோஷத்தில் என் பேனாவை நீட்டினேன். "இது வேணாம் மேடம். இதோட ராசி எங்களுக்குத் தெரியும்" என்று இவர் மேசையில் இருந்த பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, பாஸ்போர்ட்டையும் மேடத்திடம் கொடுத்தார்.

சான்றிதழோடு நேராகத் திண்டிவனம் கடைக்கு வந்தோம். ஷட்டரைப் பாதி தூக்கியதும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் ஃபாரத்தை எடுத்தேன். ஊதாப் பேனாவைத் திறந்தேன். கை தலைப்புக்குப் போயிற்று. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இதுல போடலாங்க. தப்பில்ல" என்றேன்.

"தெரியும். இதுல நான் போடறேன்."

பேனாவை வாங்கி, ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் பாடும் மனுஷன், தாளின் தலைப்பில் கோணல்மாணலாக ஓர் உ போட்டார். கீழே இரண்டு கோடு. இருபுறமும் புள்ளி. பிறகு மூடியை அழுத்தி மூடி, பாஸ்போர்ட் இருந்த பையில் பேனாவைச் செருகிக்கொண்டார்.

"கொடுங்க, மீதியை யார் நிரப்பறது?"

"வேற பேனாவுல எழுது. நீ ஓட்டுப் போட்டு வெளிய வர்ற வரைக்கும் இது என்கிட்டதான் இருக்கும்."